பிரன்ஸ்விக் சதுக்கத்து ஈரச்சுவர்: சிமெண்ட்டுக்குச் சம்மதிக்காதீர்கள்

இங்கிலாந்தின் ஹோவ் நகரத்துப் பிரன்ஸ்விக் சதுக்கத்தில் உங்கள் ஃபிளாட்டின் முன்சுவர் ஊறிப் பூச்சு உப்பியிருக்கிறது, கொத்தனார் சிமெண்ட் பூசி பிளாஸ்டிக் பெயிண்ட் அடிக்கலாம் என்கிறார், சரியா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டவே வேண்டாம்.

1820களில் சார்லஸ் பஸ்பி வடிவமைத்த வீட்டுவரிசை அது. கல் கட்டடம் மாதிரி தெரிந்தாலும் மேலே இருப்பது வெறும் பூச்சு. அந்தப் பக்கத்துப் பழைய வீடுகளில் பூச்சுக்குப் பின்னால் பெரும்பாலும் ‘பங்கரூஷ்’ சுவர்தான்: சுண்ணாம்போடு சிக்கிமுக்கிக் கல், உடைந்த செங்கல் என்று கிடைத்ததையெல்லாம் பலகைகளுக்கு நடுவே கொட்டி இறுக்கியது. தண்ணீர்க் குழாயைப் பீய்ச்சினாலே இடிந்துவிடும் என்று உள்ளூரில் கிண்டல் உண்டு! இதைச் சிமெண்ட்டால் மூடினால் உள்ளே போன ஈரம் வெளியேறாது. சுண்ணாம்பு உதிர ஆரம்பிக்கும்.

முதலில் கைப்பிடிச்சுவருக்குப் பின்னால் மழைநீர்க் கால்வாய் அடைத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பிறகு விரல் முட்டியால் சுவரைத் தட்டுங்கள். பொள்ளலாகச் சத்தம் வருகிற இடத்தை மட்டும் வெட்டி, பழைய பூச்சுக்கு ஒத்த கலவையில் ஒட்டுப்போட்டால் போதும்.

பாதுகாக்கப்பட்ட பழைய கட்டடங்களின் பட்டியலில் முதல்தரத்தில் உள்ளது என்பதால் உள்ளூர் கவுன்சிலிடம் முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். அனுமதியில்லாமல் அதன் தன்மையை மாற்றினால் அங்கே அது குற்ற வழக்கு. முகப்பின் க்ரீம் நிறத்தையும் நம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது.