ஓட்டை எண்ணுவது யார்? - வாசகர் கேள்விகள்

கேள்வி: அமெரிக்காவில் அதிக ஓட்டு வாங்கியவர்கூட தோற்றுப்போகிறாரே, எப்படி சார்? (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: 2016ல் ஹிலரி கிளிண்டன் டிரம்பைவிட 28 லட்சம் ஓட்டுக்கு மேல் அதிகம் வாங்கினார். அதிபரானது டிரம்ப். அங்கே ஒவ்வொரு மாநிலத்துக்கும் இத்தனை தேர்வாளர்கள் (மாநிலத்தின் சார்பில் அதிபருக்கு ஓட்டுப் போடுகிறவர்கள்) என்று கணக்கு. மொத்தம் 538, ஜெயிக்க 270. மெய்ன், நெப்ராஸ்கா தவிர மற்ற எல்லா மாநிலங்களிலும், ஒரே ஒரு ஓட்டு கூடுதலாக வாங்கியவருக்கே அத்தனை தேர்வாளரும். கலிஃபோர்னியாவில் ஹிலரிக்கு 40 லட்சத்துக்கு மேல் வித்தியாசம். கிடைத்தது 55 பேர். மிச்சிகன், பென்சில்வேனியா, விஸ்கான்சின் மூன்றிலும் சேர்த்தே 80,000க்கும் குறைவான ஓட்டில் தோற்றார். போனது 46 பேர். எனக்கு இது நியாயமாகப் படவே இல்லை. ஆனால் அரசியல் சட்டத்தைத் திருத்த 38 மாநிலங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும்.

கேள்வி: 2024 அதிபர் தேர்தலில் கமலா ஹாரிஸ் ஜெயித்திருந்தால் நம் பிள்ளைகளுக்கு கிரீன் கார்டு (அமெரிக்காவில் நிரந்தரமாகத் தங்கும் அனுமதி) சீக்கிரம் கிடைத்திருக்குமா? (மன்னார்குடி வாசகி)

பதில்: உங்கள் ஊருக்குப் பக்கத்து துளசேந்திரபுரம் அவருடைய தாத்தா பி.வி. கோபாலன் பிறந்த ஊர். அங்கே கோயிலில் பூஜை நடந்ததைப் பார்த்தபோது எனக்கும் மனசு நிறைந்தது. ஆனால் கிரீன் கார்டு வேறு கணக்கு அம்மா. வேலை வழியாக வருடத்துக்குச் சுமார் 1,40,000. எந்த ஒரு நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது. அந்த வரம்பு காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், போட்ட சட்டம், அதிபர் ஒருவராக மாற்ற முடியாது. அதிபர் தேர்தல் நடந்த அதே 2024 நவம்பர் 5 அன்று அந்த நாடாளுமன்றத்தின் கீழவையின் 435 இடங்களுக்கும் தேர்தல் நடந்தது. அங்கே யார் வந்தார்கள் என்றும் பார்க்க வேண்டும்.

கேள்வி: நம்மூர் மாதிரி அங்கே தேர்தல் ஆணையம் எண்ணுகிறதா? 2020ல் ஓட்டைத் திருடிவிட்டார்கள் என்கிறார்களே? (திருநெல்வேலி வாசகர்)

பதில்: தேர்தலை நடத்துவது மாநிலங்கள், வேலையெல்லாம் கவுன்ட்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி). மேசையில் உட்காருவது அக்கம்பக்கத்து ஜனங்கள். ஜார்ஜியா மாநிலத்தில் 2020 நவம்பரில் அப்படி உட்கார்ந்தவர்களில் நானும் ஒருவன். பைடன் ஜெயித்தது மிகக் கொஞ்சத்தில் என்பதால், 159 கவுன்ட்டியிலும் சுமார் 50 லட்சம் ஓட்டுச்சீட்டையும் கையாலேயே மறுபடி எண்ணினோம். மேசைக்கு இரண்டு பேர். என் ஜோடி, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. நான் சீட்டை எடுத்துப் பெயரை உரக்கப் படித்து அவரிடம் கொடுப்பேன். அவர் தானும் ஒருமுறை பார்த்து அந்தந்த அடுக்கில் வைப்பார். இரண்டு கட்சிக்காரர்களும் பார்த்துக்கொண்டே நின்றார்கள். சாயங்காலத்துக்குள் தொண்டை கட்டிவிட்டது. பிறகு இயந்திரத்திலும் இன்னொரு முறை எண்ணினார்கள். கடைசி வித்தியாசம் 11,779. திருட்டு நடக்கவில்லை என்று தைரியமாகச் சொல்வேன்.

திருட்டு என்று பேசியதால் நொந்தவர்கள் உண்டு. அட்லாண்டாவில் ஓட்டு எண்ணிய ஒரு தாயும் மகளும் கணினிக் கருவியைக் கைமாற்றினார்கள் என்று நியூயார்க்கின் முன்னாள் மேயர் ரூடி ஜூலியானி பேசினார். அம்மா மகளிடம் கொடுத்தது இஞ்சி மிட்டாய். மளிகைக் கடையில் யாராவது தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலே பயமாக இருக்கிறது என்று அந்தத் தாய் சாட்சி சொன்னார். 2023 டிசம்பரில் ஜூரி, ஜூலியானி அவர்களுக்கு 14.8 கோடி டாலர் தர வேண்டும் என்றது. அவர்களுக்குப் பழைய நிம்மதியை யார் தருவார்கள்?

என்னோடு எண்ணிய ஆசிரியை 2024 தேர்தலுக்கு வரவில்லை. பிள்ளைகள் வேண்டாம் என்றுவிட்டார்களாம். நான் பெயர் கொடுத்தேன். காலை 7 மணிக்குக் கதவைத் திறக்க வேண்டியிருந்தது.