சிகிச்சை முடிந்து வரும் 22 வயது மகனை எங்கே தங்கவைப்பது?

வியாசர்பாடியில் ஒற்றை அறை வாடகை வீடு, மனச்சிதைவு நோய்க்குக் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையில் இருக்கும் மகன் அடுத்த மாதம் திரும்புகிறான், வீட்டுக்காரர் தயங்குகிறார், காப்பகத்தில் சேர்த்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள், அம்மா. இதே நோயுள்ள தம்பியைத் தண்டையார்பேட்டையில் பார்த்துக்கொள்ளும் அக்காவாகச் சொல்கிறேன்: காப்பகத்தைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்; பிள்ளை உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும்.

வீடு தேடும் முன் மருத்துவமனையின் சமூகப் பணியாளரைப் பார்த்து, வீட்டு நிலைமையை ஒளிக்காமல் சொல்லுங்கள். வீட்டுக்கு அனுப்பும் முன், சிகிச்சை இனி எங்கே, எப்படித் தொடரும் என்பதை மருத்துவர் நோயாளியோடும் குடும்பத்தோடும் கலந்து பேசவேண்டும் என்கிறது 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். போக்கிடம் இல்லை என்பதற்காக ஒருவரை மருத்துவமனையிலேயே வைத்திருக்கக் கூடாது என்றும், மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் இடையே சிலகாலம் தங்கும் இடைநிலை இல்லம், சிலர் சேர்ந்து வாழும் குழு இல்லம் போன்றவற்றுக்கு அரசு வழிசெய்யவேண்டும் என்றும் அதன் 19ஆம் பிரிவு சொல்கிறது. எனவே இடம் கேட்பது சலுகை அல்ல, உரிமை. கீழ்ப்பாக்கம் தொலைவு என்றால், தொடர் சிகிச்சையை ஸ்டான்லி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு மாற்ற முடியுமா என்றும் அப்போதே கேளுங்கள்.

நாங்கள் எங்கள் தெருவிலேயே ஒரு சிறிய மாடி அறை எடுத்தோம். சாப்பாடு எங்களோடு, தூக்கம் அங்கே. உள்தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டு, வெளியிலிருந்தும் திறக்கக்கூடிய பூட்டாகப் போட்டோம். ஒரு சாவி அவனிடம், மற்றொன்று என்னிடம். கதவைத் தட்டாமல் நான் திறப்பதில்லை என்பது அவனோடு பேசி முடிவுசெய்தது. காலை, இரவு என்று கட்டம் பிரித்த மாத்திரை டப்பாவை ஞாயிறுதோறும் நான் நிரப்பி வைப்பேன், எடுத்துப் போட்டுக்கொள்வது அவன் பொறுப்பு. வீட்டுக்காரரிடம் நோயின் கதையை முழுக்கச் சொல்லவில்லை; இரவில் ஏதாவது என்றால் உடனே அழைக்க என் எண்ணைக் கொடுத்தேன், அவர் மனம் இளகியது அதனால்தான்.

காப்பகம்தான் வழி என்றானால், மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்றிதழை முதலில் கேளுங்கள். 2001இல் ஏர்வாடியில் ஒரு காப்பகத்தில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் தீயில் மாண்டதை நம்மால் மறக்க முடியாது. இன்று சங்கிலியால் கட்டுவது சட்டப்படி குற்றம். நான் போய்ப் பார்த்த ஓரிடத்தில் படுக்கும் அறைகளைக் காட்ட மறுத்தார்கள், அப்படியே திரும்பிவிட்டோம். அதற்கு நேர்மாறாக, சாதாரணத் தெருவில் ஒரு வாடகை வீட்டில் சிலர் உதவியாளரோடு சேர்ந்து வாழும் முறையைத் தி பேனியன் என்ற மனநலத் தொண்டு அமைப்பு நடத்துகிறது. மகனுக்கு அது பொருந்துமா என்று விசாரியுங்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி மனநோயும் மாற்றுத்திறனில் சேர்கிறது, அதற்கான அடையாள அட்டைக்கும் விண்ணப்பித்துவிடுங்கள்.

இவை எதையும் முடிவுசெய்யும் முன், எங்கே இருக்க விருப்பம் என்று மகனிடமே கேளுங்கள். நடுவில் உங்களுக்கே தாங்க முடியாமல் போனால், 14416 என்ற டெலிமனாஸ் (அரசின் மனநலத் தொலைபேசி உதவி) எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம். அது நோயாளிக்கு மட்டுமல்ல, பார்த்துக்கொள்பவருக்கும்தான்.