தெரிந்த சொல்தான் ஏமாற்றும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மகள் பி.ஏ. ஆங்கிலம் படிக்கிறாள். ‘ஹாம்லெட்’ முதல் அங்கம் நான்காம் காட்சியில், தன்னை ‘லெட்’ செய்கிறவனை ஆவியாக்கிவிடுவேன் என்கிறான் இளவரசன். அனுமதிப்பவனை ஏன் கொல்ல வேண்டும்? அகராதியிலும் ‘அனுமதி’ என்றே இருக்கிறது.
– வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: அந்த இடத்தில் ‘லெட்’ என்றால் ‘தடு’. தந்தையின் ஆவியைப் பின்தொடரப் போகிறவனை நண்பர்கள் பிடித்து நிறுத்துகிறார்கள், தடுக்கிறவனைத்தான் மிரட்டுகிறான். பழைய ஆங்கிலத்தில் ‘லேட்டன்’ என்றால் விடு, ‘லெட்டன்’ என்றால் தடு. இரண்டும் தேய்ந்து ஒரே ஒலிக்கு வந்துவிட்டன. ‘தடு’ வழக்கொழிந்தாலும் முழுக்கப் போய்விடவில்லை. இந்தியப் பாஸ்போர்ட்டைத் திறந்தால், குடியரசுத் தலைவர் பெயரால் கேட்டுக்கொள்ளும் பகுதியில் ‘வித்தவுட் லெட் ஆர் ஹிண்ட்ரன்ஸ்’ என்று இன்றும் அச்சாகிறது.

அகராதியில் தவறில்லை. ஒரே எழுத்துக்கூட்டல் கொண்ட வேறு சொற்களுக்குத் தலைச்சொல் அருகே சிறிய 1, 2 என்று எண் போட்டிருப்பார்கள். முதலாவதோடு நிறுத்தினால் இப்படித்தான் ஆகும். முதலில் நூல் வெளிவந்த ஆண்டைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பிறகு பெரிய ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில் எல்லாப் பொருள்களையும் பார்த்து, ஒவ்வொன்றின் கீழும் ஆண்டோடு தரப்பட்டுள்ள மேற்கோள்களில் எது அந்தக் காலத்தைத் தொடுகிறதோ அதை எடுக்க வேண்டும். எடுத்த பொருளை வரியில் வைத்துப் படித்து, இடிக்கிறதா என்று பார்க்காமல் விடக் கூடாது. மெரியம் வெப்ஸ்டர் அகராதியில் ‘அப்ஸ்.’ (‘அப்சொலீட்’) என்ற குறி இருந்தால், 1755க்குப் பிறகு அந்தப் பொருளில் வழக்கு கிடைக்கவில்லை என்று கொள்ளலாம். அது ஜான்சன் அகராதி வெளிவந்த ஆண்டு. ‘ஆர்க்கெய்க்’ வேறு, பழமை வாசனையோடு அங்கங்கே இன்னும் புழங்குவது.

தெரியாத சொல்லை யாரும் தேடிவிடுவார்கள். தெரிந்த சொல்தான் கவிழ்க்கும். 1611 பைபிளில் சங்கீதம் 119:147இல், பாடுபவர் விடியலைப் ‘பிரிவென்ட்’ செய்கிறார். விடியலைத் தடுக்கவில்லை, முந்திக்கொண்டார். லத்தீன் மூலத்தில் ‘முன்னால் வருதல்’ என்பதே பொருள். திருப்பாவையில் ‘நாற்றத் துழாய்முடி நாராயணன்’ என்று பாடிப் பழகிய நமக்கு இது புதிதல்ல.

கேள்வி: கடலூரில் ஆங்கிலேயர் ‘ஃபேக்டரி’ வைத்திருந்ததாகப் பழைய நூல்களில் வருகிறது. எதைத் தயாரித்தார்கள்?
– வாசகர், தேவனாம்பட்டினம், கடலூர்

பதில்: அது தொழிற்சாலை அல்ல, பண்டகசாலை. கிழக்கிந்தியக் கம்பெனியின் வணிக முகவருக்கு ‘ஃபேக்டர்’ என்று பெயர். அவர் தங்கிச் சரக்கு வாங்கி இருப்பு வைத்த இடம் ‘ஃபேக்டரி’. உங்கள் ஊரில் 1690இல் அவர்கள் விலைக்கு வாங்கிய புனித டேவிட் கோட்டை பற்றிய ஆவணங்களை இந்தப் பொருளில் படியுங்கள். ‘ரைட்டர்’ என்பதை எழுத்தாளர் என்று மொழிபெயர்ப்பதும் தவறு. 1744இல் சென்னை வந்த கிளைவ் அந்தப் பதவியில்தான் வந்தார். கணக்கும் கடிதமும் எழுதும் கடைநிலை எழுத்தர். அதற்கு அடுத்த படி ‘ஃபேக்டர்’.

கேள்வி: இணையத்தில் 18ஆம் நூற்றாண்டு நூல்களைத் திறந்தால் ‘எஸ்’ வர வேண்டிய இடமெல்லாம் ‘எஃப்’ இருக்கிறதே?
– மாணவர், லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: அது நீண்ட ‘எஸ்’. பக்கத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: உண்மையான ‘எஃப்’பின் குறுக்குக்கோடு தண்டைத் தாண்டி வலப்பக்கம் வரும். நீண்ட ‘எஸ்’ஸில் இடப்பக்கச் சிறு துருத்தல் மட்டும் இருக்கும், சாய்வெழுத்தில் அதுவும் இருக்காது. சொல்லின் கடைசி எழுத்தாக அது வராது. அங்கே வழக்கமான ‘எஸ்’தான். 1800ஐ ஒட்டி அச்சகங்கள் இதைக் கைவிட்டன. கணினி இதை ‘எஃப்’ என்றே படித்துவிடுவதால், ‘சச்’ கிடைக்காவிட்டால் ‘ஃபச்’ என்று எழுத்தை மாற்றித் தட்டித் தேடுங்கள். ‘செயில்’, ‘ஃபெயில்’ போல இரண்டுமே சொல்லாக இருந்துவிட்டால் தேடல் முடிவை நம்பாதீர்கள். மூலப் பக்கத்தின் படத்தைப் பார்த்துத்தான் மேற்கோள் எடுக்க வேண்டும்.