கியர் மாறவில்லையா? வால்வை வாங்கமுதல் கேஜைப் போடுங்கள்

ரொறன்ரோ பக்கம் ட்ரக் ஓட்டும் நம்மவர்கள் குளிர் தொடங்கியதும் கேட்கும் கேள்விகள் அநேகமாக ஒரே இடத்தில் வந்து நிற்கும்: ஈற்றன் ஃபுல்லர் கியர்பொக்ஸில் ரேஞ்ச் (லோ, ஹை என்ற இரண்டு கியர் வரிசைகள்) மாறவில்லை, எந்த வால்வை மாற்றுவது? ஒன்டாரியோவில் 310T என்ற ட்ரக் மெக்கானிக் உரிமத்தோடு இந்த வேலையைத்தான் செய்கிறேன். கேட்டவர்களின் இடத்தையும் ட்ரக்கையும் மட்டும் குறித்துப் பதில் சொல்கிறேன்.

பிரம்டன், 10 ஸ்பீட்: அண்ணா, தண்டர் பே பக்கம் போகும்போது காலையில் லோவிலிருந்து ஹைக்கு மாற ஐந்தாறு செக்கன் எடுக்கிறது. வெயில் ஏறினால் சரியாகிவிடும். கராஜில் ஸ்லேவ் வால்வை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

இப்போது மாற்ற வேண்டாம். வெயில் ஏறியதும் சரியாகிறது என்றால் குழாயிலோ வால்விலோ தண்ணீர் உறைகிறது என்று முதலில் சந்தேகப்படுங்கள். ட்ரக்கின் தாங்கியில் காற்று 120 பி.எஸ்.ஐ அளவில் இருக்கும். கியர்பொக்ஸுக்கு அவ்வளவு அமுக்கம் கூடாது. அதனால் கியர்பொக்ஸோடு பொருத்தியிருக்கும் ஃபில்டர் ரெகுலேட்டர் அதை 58 முதல் 62 வரை குறைத்து அனுப்புகிறது. அந்தக் காற்று ஸ்லேவ் வால்வுக்குப் போகிறது. கியர் தடியில் இருக்கும் சுவிட்ச் வால்வுக்கும் ஒரு மெல்லிய குழாயில் காற்று போகிறது. ஸ்லேவ் வால்வுதான் ரேஞ்ச் சிலிண்டரின் எந்தப் பக்கத்துக்குக் காற்று போகவேண்டும் என்று முடிவு செய்யும். தண்ணீர் இந்தப் பாதையில் எங்கே நின்று உறைந்தாலும், குற்றவாளி ஸ்லேவ் வால்வு போலத்தான் தெரியும்.

முதலில் தாங்கிகளின் அடி வால்வைத் திறந்து பாருங்கள். தண்ணீரோ பால் போன்ற ஒயிலோ வந்தால், காற்றின் ஈரத்தை எடுக்கும் எயார் ட்ரையர் தன் வேலையைச் செய்யவில்லை. கார்ட்ரிட்ஜை மாற்றுங்கள். ட்ரையரின் அடியில் இருக்கும் ஹீட்டருக்கு மின்சாரம் வருகிறதா என்றும் பாருங்கள், இதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். ஒயில் வந்தால் கொம்பிரசரையும் பார்க்க வேண்டும். இதெல்லாம் சரியாக இருந்தும் குறை நின்றால் வால்வைப் பற்றிக் கதைப்போம்.

அஜக்ஸ், சொந்த ட்ரக்: அமுக்கத்தை எப்படி அளப்பது? எங்களால் முடியுமா?

முடியும். 0 முதல் 150 வரை காட்டும் ஒரு சின்ன கேஜும் ஒரு டீ மூட்டும் போதும். ரெகுலேட்டரிலிருந்து வெளியே போகும் பக்கத்தில் பொருத்துங்கள். தாங்கியில் காற்று நிறையட்டும். பிறகு எஞ்ஜினை நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, ரேஞ்ச் சுவிட்சை மேலும் கீழும் மாற்றிப் பாருங்கள். முள் ஒரு தரம் இறங்கி உடனே 60க்குத் திரும்ப வேண்டும். மெதுவாக ஏறினால் ஃபில்டர் அடைபட்டிருக்கிறது, அல்லது வரும் குழாய் எங்கேயோ மடிந்திருக்கிறது. 50க்குக் கீழேயே நின்றால், உள்ளே வரும் காற்றையும் அளந்து பாருங்கள். அது சரி என்றால் ரெகுலேட்டர் போய்விட்டது.

70, 80 என்று காட்டினாலும் விடாதீர்கள். கியர் சுறுக்காக விழுகிறது என்று சிலர் சந்தோஷப்படுவார்கள். ரேஞ்ச் மாறும்போது கியர்களின் வேகத்தைப் பொருத்தும் சிங்க்ரோனைசரைத்தான் அந்த அமுக்கம் தின்னும். ரெகுலேட்டர் சில நூறு டொலருக்குள் முடியும் காரியம். சிங்க்ரோனைசர் போனால் கியர்பொக்ஸின் பின்பகுதியையே இறக்க வேண்டும்.

அளவு பிழை என்றால் ரெகுலேட்டரைத் திருகிச் சரிப்படுத்தப் பார்க்காமல் புதிதைப் போடுங்கள்.

மிசிசாகா, 13 ஸ்பீட்: கியர் தடியின் சுவிட்ச் அருகே ஸ்ஸ் என்று சத்தம். சுவிட்சை மாற்றிவிட்டேன், சத்தம் போகவில்லை.

ரேஞ்சை ஹையில் போடும்போது ஒரு நொடி காற்று வெளியேறுவது இயல்பு. தொடர்ந்து வந்தால்தான் பிழை. சுவிட்ச் வால்வில் 'பி' என்று குறித்த குழாயைக் கழற்றுங்கள். ரேஞ்ச் ஹையில் இருக்கும்போது வால்வின் ஓட்டையிலும் காற்று வரக்கூடாது, கழற்றிய குழாயிலும் வரக்கூடாது. ஓட்டையில் வந்தால் சுவிட்ச் வால்வு. குழாயிலிருந்து வந்தால் ஸ்லேவ் வால்வு தன் காற்றைத் திருப்பி அனுப்புகிறது, நீங்கள் மாற்றிய சுவிட்சில் ஒரு குற்றமும் இருந்திருக்காது. லோவுக்குத் தள்ளினால் ஓட்டையில் பலமாகக் காற்று வரவேண்டும், அதையும் பாருங்கள்.

ஸ்லேவ் வால்வின் வெளியேற்றத் துளையில் சத்தம் என்றாலும் இதே முறைதான். ஹையில் வைத்துக்கொண்டு, சிலிண்டரின் லோ பக்கத்துக் குழாயைக் கழற்றுங்கள். சிலிண்டர் பக்கமிருந்து காற்று வந்தால் பிஸ்டனின் ஓ-ரிங். வால்வுப் பக்கமிருந்து வந்தால் வால்வு.

ஸ்காபரோ: கியர்பொக்ஸ் பின் சீலில் ஒயில் கசிந்து இரண்டு தரம் மாற்றியாகிவிட்டது. பிறகும் கசிகிறது. லோவுக்கு மாறுவதும் மந்தம். இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. கியர்பொக்ஸின் மேல் பிரீதரில் (காற்றுப் போகும் துளையில்) கையை வைத்துப் பாருங்கள். எஞ்ஜின் ஓடாதபோதும் காற்று ஊதினால், ரேஞ்ச் சிலிண்டரின் தண்டைச் சுற்றியுள்ள ஓ-ரிங் தேய்ந்திருக்கிறது. சிலிண்டருக்குப் போகும் காற்று கியர்பொக்ஸின் உள்ளே புகுந்து ஒயிலைச் சீல் வழியாக வெளியே தள்ளுகிறது. நீங்கள் எத்தனை சீல் போட்டாலும் அது நிற்காது. அந்த ஓ-ரிங்கின் விலை ஒரு கோப்பிக் காசு. இதே நோயோடு வந்த ஒரு ட்ரக்குக்கு வேறொரு கராஜில் முழுக் கியர்பொக்ஸுக்கே விலை சொல்லியிருந்தார்கள். அந்த ஓட்டுநரின் முகம் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. அதனால்தான் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

மார்க்கம்: உறையாமல் இருக்க எயார் குழாயில் மெத்தில் ஹைட்ரேட் (மெதனோல்) ஊற்றலாமா? எல்லோரும் ஊற்றுகிறார்கள்.

ஊற்றாதீர்கள். ஓ-ரிங்குகளில் இருக்கும் மசகை அது கழுவி, ரப்பரைக் காய வைக்கும். ட்ரையரின் கார்ட்ரிட்ஜையும் கெடுக்கும். பிரேக் வால்வுகளும் அதே காற்றில்தான் வேலை செய்கின்றன என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். வழியில் உறைந்துவிட்டால் ட்ரக்கைச் சூடான கராஜுக்குள் விட்டு இளக விடுங்கள். பிளாஸ்டிக் குழாயில் நெருப்புக் காட்டவே வேண்டாம்.

பிக்கரிங், 10 ஸ்பீட்: சோதித்துப் பார்த்தேன், ஸ்லேவ் வால்வுதான். நானே மாற்றலாமா அண்ணா?

தம்பி, உங்களுக்குக் கருவி பிடித்துப் பழக்கம் என்றால் மாற்றலாம். சமதரையில் நிறுத்தி, சில்லுகளுக்குக் கட்டை வைத்து, எஞ்ஜினை நிறுத்தி, எல்லாத் தாங்கிகளிலும் காற்றை முழுதாக இறக்குங்கள். காற்று இறங்கினால் ஸ்பிரிங் பிரேக் பிடித்துக்கொள்ளும், ஆனாலும் கட்டை அவசியம். கியர் நியூட்ரலில். குழாய்களுக்கு அடையாளம் ஒட்டுங்கள், படமும் எடுத்து வையுங்கள்.

வால்வை நேராக, மெதுவாக இழுங்கள். அதன் பின்னால் கியர்பொக்ஸுக்குள் ஒரு சின்னத் தண்டு, ஒரு ஸ்பிரிங், ஒரு குழல் இருக்கும். கியர் போட்டிருக்கும்போது ரேஞ்ச் மாறாமல் தடுப்பது அந்தத் தண்டுதான். நியூட்ரலுக்கு வரும்போது மட்டும் அது வழி விடும். விழுந்தால் சேற்றில் தேட வேண்டும். விழுந்ததை விட்டுவிட்டுப் பூட்டினால் ஓடும் கியரிலேயே ரேஞ்ச் மாறப் பார்க்கும். கொஞ்சம் கிரீஸ் தடவி அதன் இடத்திலேயே ஒட்டி வைத்துப் பூட்டுங்கள்.

புது கேஸ்கட் போடுங்கள். ஓ-ரிங்குகளுக்கு சிலிகோன் மசகு மெல்லியதாகத் தடவினால் போதும், அள்ளிப் பூசினால் அதுவே துளையை அடைக்கும். மூட்டுகளுக்கு வெள்ளை டெஃப்லோன் நாடா வேண்டாம். அதன் துணுக்குகள் உள்ளே போய்ப் புது வால்வையே சிக்கவைப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். திரவ சீலன்ட் போடுங்கள், முதல் இரண்டு புரிகளை விட்டுவிட்டு.

பிறகு காற்றை ஏற்றி சவர்க்கார நுரை தடவிப் பாருங்கள். பாரம் இல்லாமல் ஓட்டிப் பார்த்த பிறகுதான் ட்ரெய்லரைக் கொழுவ வேண்டும்.

வோன், 13 ஸ்பீட்: ரேஞ்ச் சரி, ஒரு கியரை இரண்டாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர்தான் விழுவதில்லை.

ரேஞ்சுக்கும் ஸ்ப்ளிட்டருக்கும் ஒரே ரெகுலேட்டர். ரேஞ்ச் ஒழுங்காக மாறுகிறது என்றால் ரெகுலேட்டரைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. ஸ்ப்ளிட்டர் சிலிண்டர் மூடிக்குள் இருக்கும் இன்சேர்ட் வால்வைப் பாருங்கள். மூடியின் வெளியேற்றத் துளையில் விடாமல் காற்று வருவதுதான் அடையாளம்.

ஓஷவா, டம்ப் ட்ரக்: என்னுடையது அலிசன் ஓட்டோமற்றிக். பி0776 என்று கோட் வருகிறது. பிரஷர் கொன்ட்ரோல் சொலனோயிட் (மின்சாரத்தால் இயங்கும் வால்வு) மாற்ற வேண்டுமாம்.

இது வேறு உலகம். அலிசனில் கிளச்சுகளைப் பிடிப்பது காற்று அல்ல, ஒயில் அமுக்கம். அந்தக் கோட் இரண்டாம் சொலனோயிட் 'ஓஃப்' நிலையிலேயே சிக்கி நிற்கிறது என்று சொல்கிறது. ஆனால் கணினி சொலனோயிட்டைக் கண்ணால் பார்ப்பதில்லை, கியர் விகிதம் பிழையாக இருப்பதை வைத்துத்தான் அப்படி முடிவு செய்கிறது. ஒயில் குறைந்தாலோ ஃபில்டர் அடைத்தாலோ கிளச் தேய்ந்தாலோ அதே கோட் வரலாம். ஒயில் மட்டத்தைச் சூட்டோடு பாருங்கள். நிறமும் மணமும் கருகியிருந்தால் சொலனோயிட் மாற்றிப் பயனில்லை. ஒயில் அலிசனின் டெஸ் 668 என்ற தர அங்கீகாரம் உள்ளதாக இருக்கட்டும். சொலனோயிட் ஒயில் தட்டுக்கு மேலே கொன்ட்ரோல் பகுதிக்குள் இருப்பதால் ஒரு தூசியும் உள்ளே போகக்கூடாது. மாற்றிய பிறகு கணினியில் பழைய கற்றலை அழித்துப் புதிதாகக் கற்கவிட வேண்டும். ஆகவே இதை மட்டும் வீட்டு முற்றத்தில் செய்ய வேண்டாம்.

பிரம்டன், வொல்வோ ஐ-ஷிஃப்ட் (தானாகக் கியர் மாற்றும் கியர்பொக்ஸ்): எங்களுடையதிலும் கேஜ் வைத்துப் பார்க்கலாமா?

ஐ-ஷிஃப்டும் காற்றால்தான் கியர் மாற்றுகிறது, ஆனால் வால்வுகளை ஆள்வது கணினி. முதலில் கோட்களை வாசிக்கச் சொல்லுங்கள். உங்கள் பங்குக்கு ட்ரையர் கார்ட்ரிட்ஜைக் குளிருக்கு முன் மாற்றி, தாங்கிகளில் தண்ணீர் வருகிறதா என்று கிழமைக்கு ஒரு தரமாவது திறந்து பாருங்கள்.