பல செக்பாக்ஸ் மதிப்புகளை டேட்டாபேஸில் எப்படி வைப்பது?

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் கடைகளுக்கு வெப்சைட் செய்கிறீர்கள். கடைக்காரர் டிக் செய்யும் பூக்களை எல்லாம் ஒரே ஃபீல்டில் கமா போட்டு வைத்துவிடலாமா என்று கேட்கிறீர்கள். வேண்டாம். சேமிக்கிற வரைக்கும் கமா சுகமாகத்தான் இருக்கும், தேடும்போதுதான் வினை.

'ரோஸ்' விற்கும் கடைகளைக் காட்டு என்று லைக் (பெயரின் ஒரு பகுதி பொருந்தினாலும் எடுத்துத் தரும் தேடல்) போட்டால், 'பன்னீர் ரோஸ்' மட்டும் வைத்திருப்பவரும் வந்து நிற்பார். பெயருக்குப் பதில் எண் வைத்தாலும் 1-ஐத் தேடினால் 11, 12 எல்லாம் மாட்டும். மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில், கமா பட்டியலுக்குள் தேடித் தரும் ஃபைண்ட்_இன்_செட் இருக்கிறதே என்பீர்கள். விடை சரியாகத்தான் வரும், ஆனால் வேகமாகத் தேட டேட்டாபேஸ் வைத்திருக்கும் இண்டெக்ஸைத் தொடாது. ஒவ்வொரு வரிசையாகப் புரட்டும். பல மதிப்புகளை ஒரே ஃபீல்டில் வைக்க மைஎஸ்க்யூஎல்லில் உள்ள செட் டைப்பும் 64 மதிப்புகளோடு நின்றுவிடும்.

மூன்று டேபிள் போடுங்கள்: கடை, பூ, இரண்டையும் இணைக்கும் கடை_பூ. மூன்றாவதில் கடை எண்ணும் பூ எண்ணும் சேர்ந்தே பிரைமரி கீ, அதாவது ஒவ்வொரு வரிசைக்கும் தனி அடையாளம். ஒரு கடைக்கு ஒரே பூ இரண்டு தடவை ஏறாது. மல்லி, பிச்சி, கனகாம்பரம் டிக் செய்தால் மூன்று வரிசை, அவ்வளவுதான். மல்லி, பிச்சி இரண்டுமே உள்ள கடை வேண்டுமா? அந்த இரண்டு எண்களுக்கான வரிசைகளைக் கடைவாரியாக குரூப் செய்து, கவுண்ட் 2 வருவதை மட்டும் எடுங்கள்.

ஃபார்ம் பக்கம் இன்னொரு வில்லங்கம் இருக்கிறது. டிக் செய்யாத பெட்டியை பிரவுசர் அனுப்பவே அனுப்பாது. கடைக்காரர் எல்லா டிக்கையும் எடுத்துவிட்டு சேவ் அழுத்தினால், சர்வருக்கு அந்தச் செக்பாக்ஸின் பெயரே வராது. "வந்திருந்தால் அப்டேட் செய்" என்று எழுதியிருந்தால் பழைய பூக்கள் அப்படியே கிடக்கும். "தம்பி, எடுத்த பூவெல்லாம் மறுபடி வந்து உக்காந்திருக்கே" என்று போன் வரும். பெயர் வராவிட்டால் காலிப் பட்டியல் என்று எடுத்துக்கொள்ளுங்கள். பூப் பகுதியே இல்லாத வேறு ஃபார்மும் அதே கோடுக்குத்தான் வருகிறது என்றால், பூ ஃபார்மில் ஒரு ஹிடன் இன்புட் (பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத ஃபீல்ட்) வைத்து அடையாளம் காணுங்கள். அப்புறம், சர்வர் கோடு பிஎச்பி மொழியில் என்றால் செக்பாக்ஸ் பெயருக்குப் பின்னால் [] வேண்டும். இல்லாவிட்டால் கடைசி டிக் மட்டும்தான் கையில் கிடைக்கும்.

சேமிக்கும்போது அந்தக் கடையின் பழைய வரிசைகளை அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றலாம், பாதியில் நின்றால் இரண்டுமே ரத்தாகும்படி ஒரே டிரான்ஸாக்‌ஷனுக்குள். ஆனால் அந்த டேபிளிலேயே கிலோ விலையும் வைக்கப் போகிறீர்களா? (எப்படியும் கேட்பார்கள். முகூர்த்த நாளில் மல்லி விலை எங்கேயோ போய் நிற்கும்.) அப்போது அழித்து ஏற்றினால் விலையும் சேர்ந்து போய்விடும். பழைய பட்டியலையும் புதியதையும் ஒப்பிட்டு, புதிதாக டிக் ஆனதை மட்டும் சேருங்கள், எடுத்ததை மட்டும் நீக்குங்கள்.