40 ஆண்டு ஆண்ட டச்சுக்காரர்கள் அமெரிக்காவில் எதை விட்டுப் போனார்கள்?

"புரூக்ளின், ஹார்லெம் என்று நாலு ஊர்ப்பெயரைத் தவிர டச்சுக்காரர்களால் அமெரிக்காவுக்கு ஒன்றும் இல்லை, சரிதானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஏதோ தேர்வுக்குப் படிக்கிறீர்கள் போலிருக்கிறது. 1664-ல் ஆங்கிலேயரிடம் சரணடைந்தார்கள் என்ற வரியோடு பாடம் முடிந்திருக்கும். ஆனால் நீங்கள் சொல்வது சரியில்லை. மனசாட்சிச் சுதந்திரம் என்பதிலும் அவர்களுக்குப் பங்கு உண்டு.

நான் நியூயார்க்கில், ஃபிளஷிங் பக்கம் குடியிருக்கிறேன். நம் ஆட்களுக்கெல்லாம் தெரிந்த பிள்ளையார் கோயில் இங்கே பவுன் தெருவில் இருக்கிறது. ஊரிலிருந்து யார் வந்தாலும் சாமி கும்பிட்டு, கேண்டீனில் தோசை சாப்பிட்ட பிறகு, அதே தெருவில் வடக்கே கூட்டிப்போய் ஜான் பவுன் வீட்டைக் காட்டாமல் விடமாட்டேன். 1661 வாக்கில் கட்டிய மரவீடு அது.

அப்போது இந்த ஊர் டச்சுக்காரர்கள் கையில் இருந்தது; ஆளுநர் ஸ்டைவசன்ட். டச்சு சீர்திருத்தச் சபையைத் தவிர வேறு யாரும் கூடி வழிபடக் கூடாது என்றார். குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினரை அடித்துச் சிறையில் போட்டார். 1657 டிசம்பரில் ஃபிளஷிங்வாசிகள் 30 பேர் அதை எதிர்த்து மனு எழுதினார்கள். அவர்களில் ஒருவர்கூடக் குவேக்கர் இல்லை. யூதருக்கும் துருக்கியருக்கும்கூட இந்தச் சுதந்திரம் உண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். எழுதிய ஊர்க் கணக்கர் சிறைக்குப் போனார். பிறகு 1662-ல், தன் வீட்டில் குவேக்கர்களைக் கூடவிட்டதற்காக பவுனைப் பிடித்தார்கள். அபராதம் கட்ட மறுத்ததால் நாடு கடத்தினார்கள். அவர் ஆம்ஸ்டர்டாம் போய், ஃபிளஷிங் ஊரின் 1645 சாசனத்தைக் காட்டி, இந்தக் குடியேற்றத்தை நடத்திய டச்சு மேற்கிந்தியக் கம்பெனியிடமே வாதாடினார். யாருடைய மனசாட்சியையும் வற்புறுத்தாதே என்று 1663-ல் கம்பெனி ஸ்டைவசன்ட்டுக்குக் கடிதம் எழுதியது.

மனு போட்டவர்கள் ஆங்கிலேயர்கள்தானே என்று யாராவது கேட்பீர்கள். ஆமாம். ஆனால் ஹாலந்து வழக்கப்படி மனசாட்சிச் சுதந்திரம் உண்டு என்று அந்தச் சாசனத்தில் அவர்களுக்கு எழுதிக் கொடுத்தது டச்சு ஆட்சி. அந்தத் தாள் இல்லாவிட்டால் பவுன் எதைக் காட்டியிருப்பார்? அதே காலத்தில் பாஸ்டனில் குவேக்கர்களைத் தூக்கிலிட்டார்கள்.

டச்சுக்காரர்களைத் தூக்கிவைத்துப் பேசுகிறேன் என்றும் நினைக்க வேண்டாம். அந்தச் சாசனத்தைக் கொடுத்த ஆளுநர் கீஃப்ட்தான் 1643-ல் பவோனியாவில் (இன்றைய நியூ ஜெர்சியில் இருக்கிறது) அடைக்கலம் தேடி வந்த பூர்வகுடிகளைக் கொல்ல ஆணையிட்டவர். 1644-ல் சில அடிமைகளை விடுவித்தபோதும் அவர்களின் பிள்ளைகள் கம்பெனிக்கே என்று வைத்துக்கொண்டார்கள்.

என் மகள் இதையெல்லாம் வைத்துக் கட்டுரை எழுதிக்கொண்டு போனாள். ஆங்கிலேயர் வந்திறங்கிய மேஃபிளவர் கப்பலைப் பற்றி எழுதி வா என்று திருப்பி அனுப்பிவிட்டார் ஆசிரியை. பள்ளியிலிருந்து நடந்தே போகலாம் பவுன் வீட்டுக்கு. பிள்ளைகளை ஒருமுறைகூடக் கூட்டிப்போனதில்லை. தீம் பார்க்குக்கு மட்டும் வருஷம் தவறாமல் பணம் கேட்டுத் தாள் வந்துவிடுகிறது.