பெரிய பெயருள்ள கல்லூரியில் படித்தால்தான் நல்ல வேலையும் நிம்மதியான வாழ்க்கையும் அமையுமா?

வேலைக்கு உதவும். வீட்டில் முதல் ஆளாகப் பட்டம் படிக்கும் பிள்ளைக்கு ரொம்பவே உதவும். நிம்மதிக்கும் கல்லூரிப் பெயருக்கும் பெரிய சம்பந்தம் இல்லை.

நான் கேரளாவில் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைக்காரன். பள்ளியில் தமிழ் வழி, பிறகு சித்தூர் அரசுக் கல்லூரி (பாலக்காட்டுச் சித்தூர், ஆந்திராவில் இருப்பது அல்ல). பட்டம் வாங்கியதும் வேலந்தாவளம் வழியாகக் கோவைக்கு பஸ் ஏறி, ஃபைலோடு கம்பெனி கம்பெனியாக அலைந்தேன். ஓரிடத்தில் கல்லூரிப் பெயரைப் படித்தவர், "கேரளாவா?" என்று கேட்டு ஃபைலை மூடிக் கொடுத்துவிட்டார். மதிப்பெண் பட்டியல் அடுத்த பக்கத்தில்தான் இருந்தது. பெரிய கல்லூரிகளுக்கோ கம்பெனிக்காரர்களே தேடி வந்து ஆள் எடுக்கிறார்கள்.

அமெரிக்காவில் ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் இருவரும் 2002-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பெரிய கல்லூரியில் இடம் கிடைத்தும் சாதாரணக் கல்லூரிக்குப் போனவர்கள் சம்பளத்தில் பெரிதாகப் பின்தங்கவில்லை. ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் பெரிய கல்லூரி கைகொடுத்தது. எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. வசதியான வீட்டில் மாமாவோ சித்தப்பாவோ நாலு இடத்தில் சொல்லிவைப்பார்கள். தென்னந்தோப்புக் கூலிக்காரர் மகளுக்குச் சொல்ல யார் இருக்கிறார்கள்?

நிம்மதி விஷயத்துக்கு வருகிறேன். 2014-ல் கருத்துக்கணிப்பு நடத்தும் கேலப் நிறுவனமும் பர்டூ பல்கலைக்கழகமும் 30,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கப் பட்டதாரிகளிடம் கேட்டன. செய்யும் வேலையில் மனம் ஒன்றியிருப்பதற்கும் கல்லூரியின் பெயருக்கும் பெரிய தொடர்பு தெரியவில்லை. அக்கறை காட்டிய, படிப்பில் ஆர்வம் மூட்டிய ஆசிரியர் அமைந்ததுதான் பெரிய வித்தியாசம். எனக்கு அப்படி ஒரு சார் அமைந்தார். மலையாளத்தில் நடத்திக்கொண்டே வருவார். கடைசி பெஞ்சில் நாங்கள் முழிப்பதைப் பார்த்தால் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, அதே கணக்கைத் தமிழில் முதலிலிருந்து சொல்வார். சாயங்காலம் பஸ் வரும்வரை எங்களோடு நின்று சந்தேகம் தீர்ப்பார். இன்றைக்கும் என் வேலையை நான் விரும்பிச் செய்கிறேன் என்றால் அவர்தான் காரணம்.

அதனால், அரசு நடத்தும் பெரிய கல்லூரியில் இடம் கிடைத்தால் யோசிக்காமல் சேருங்கள். 2015-ல் பாலக்காடு ஐஐடி எங்கள் பக்கத்துக் கோழிப்பாறையில்தான் தற்காலிகமாகத் தொடங்கியது. எங்கள் பிள்ளைகளும் அந்த நுழைவுத் தேர்வை எழுத வேண்டும் என்பது என் ஆசை. ஆனால் பெயருக்காக நிலத்தை அடகு வைத்துத் தனியாரிடம் சேர்க்காதீர்கள். சேருமுன் அங்கே கடைசி வருடம் படிப்பவர்களிடம் பேசுங்கள்: போன வருடம் எந்தெந்த கம்பெனி வந்தது, சந்தேகம் கேட்டால் எந்த ஆசிரியர் உட்கார்ந்து சொல்லித்தருவார் என்று.